நான்கு மில்லி செகண்டு

முனிரத்தினத்தின் பேச்சில் ‘சுமார்’ என்ற சொல் வராது. மணி கேட்டால் பத்தேகால் என்று சொல்ல மாட்டார். பத்துப் பதினேழு என்பார். பென்னலூரில் இருக்கும் தன் வீட்டிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டாலும் வண்டி மீட்டரைப் பார்த்து வைத்திருந்து புள்ளி வைத்துச் சொல்வார். “கொழம்புக்கு எவ்ளோ உப்புன்னு கேட்டாகூட கிராம்ல சொல்ற மனுசன்” என்று அவர் மனைவி கங்கா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அதில் அவருக்குக் கோபம் வந்ததில்லை.

இருபத்துநாலு வயதில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் தொழிற்சாலையில் சேர்ந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ஏழு வருடம் ஒரே மேசை. லைனில் முடிந்து வரும் ஒவ்வொரு போனையும் டிபன் பாக்ஸ் அளவு இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடுவார். மிஷின் அந்தப் போனுக்கு ஒரு சத்தத்தை அனுப்பி, அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று திரையில் எண்ணாகக் காட்டும். எல்லைக்குள் இருந்தால் பச்சை. தாண்டினால் சிவப்பு, போன் தனித் தட்டுக்குப் போகும். ஒரு மாதக் கடைசியில் லாரி வாசலில் காத்துக்கொண்டிருக்க, சூப்பர்வைசர் வந்து, “மூணு டிரேதானப்பா, பாஸ் போட்டு அனுப்பு” என்றார். “மிஷின் செவப்பு காட்டுதே சார்” என்று மட்டும் சொன்னார் முனிரத்தினம். லாரி மூன்று டிரே குறைவாகத்தான் போனது. யாரும் அவரைப் பாராட்டவில்லை, திட்டவும் இல்லை. ஆனால் தன் வாழ்நாளில் செய்த உருப்படியான காரியம் என்று அவர் மனத்துக்குள் வைத்திருந்தது அதைத்தான்.

அந்தத் தொழிற்சாலை ஒருநாள் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி, கொஞ்ச காலம் ஆள் ஏற்றும் வேன். கடைசியில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன நெட் கம்பெனியில் லைன்மேனாகச் சேர்ந்து ஒன்பது வருடம் ஓடிவிட்டது. கம்பம் ஏறுவது, கேபிள் இழுப்பது, அறுந்ததை ஒட்டுவது, புகார் வந்த வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை.

புகாரை முடிப்பதற்கு ஒரு முறை உண்டு. வாடிக்கையாளர் வீட்டில் நின்றுகொண்டு கம்பெனியின் ஆப்பைத் திறந்து டெஸ்ட் ஓட்ட வேண்டும். திரையில் ஒரு அரைவட்டம், அதில் ஒரு முள். முள் துள்ளி எழுந்து தொண்ணூற்றெட்டில் போய் நிற்கும். அது வேகம், கண்ணைப் பறிக்கும் பெரிய எழுத்து. அதற்கு அடியில் பொடி எழுத்தில், பச்சையில், இன்னொரு எண். அதற்குப் பெயர் பிங். ஒரு தகவல் இங்கிருந்து கிளம்பிப் போய்த் திரும்பி வர ஆகும் நேரம். ஆயிரம் மில்லி செகண்டு சேர்ந்தால் ஒரு செகண்டு. அந்த இடத்தில் பெரும்பாலும் நான்கு என்று இருக்கும். திரையைப் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பினால் புகார் முடிந்தது. ஒரு நாளைக்குப் பதினான்கு வீடு. நான்கு என்ற எண்ணை முனிரத்தினம் நின்று பார்த்ததே கிடையாது.

மண்ணூரில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் அமலாவின் வீடு. முப்பத்தோரு வயது. அவளுடைய அப்பா, அம்மா இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. அமலாவுக்கு இரண்டும் உண்டு. பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே கையால் பேசக் கற்றுக்கொண்டவள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வலது கையால் மட்டும் பேசுவாள். அவளைத் தனியே விட்டுப் போக முடியாததால் வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தாள் அமலா.

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் பல தொழிற்சாலைகளில் காது கேளாத பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். சூப்பர்வைசருக்கு அவர்களோடு பேச வேண்டும் என்றால் ஒரு டேப்லெட்டைத் திறந்து வைப்பார். அதில் அமலா தெரிவாள். அவர் பேசுவதை இவள் சைகையாக்குவாள். பிள்ளை சைகையில் சொல்வதை இவள் பேச்சாக்குவாள். பெங்களூரில் இருக்கும் ஒரு நிறுவனம் இதை நடத்தியது. கேட்டதற்கும் பதிலுக்கும் நடுவே எத்தனை செகண்டு ஆகிறது என்று அவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். அமலாவின் கணக்கு நவம்பரிலிருந்து மோசமாகிக்கொண்டே வந்தது.

ஜனவரியில் அவள் கொடுத்த புகாருக்கு முனிரத்தினம் போனது காலை பதினொன்று எட்டுக்கு. தொண்ணூற்றெட்டு, நான்கு. படம் எடுத்து முடித்தார். பிப்ரவரியில் மறுபடியும். அப்போதும் காலைதான்.

“அண்ணா, காலைல வந்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். மூணேகாலுக்கு வந்து பாருங்க. அஞ்சு மணி வரைக்கும் படம் நின்னு நின்னு வருது” என்றாள் அமலா.

“எனக்கு இந்த ரூட்டு காலைல போட்டுக்கீறாங்கம்மா. ஸ்பீடு தொண்ணூத்தெட்டு வந்துகினு கீது. இதுக்கு மேல இன்னா வேணும்?”

“ஸ்பீடு எனக்கு எதுக்குண்ணா? நான் சினிமாவா எறக்கப் போறேன்? லேட் ஆவாம இருந்தா போதும்.”

“வேற ஆப்புல போட்டுப் பாத்தியா?”

“பாத்தேன். ஆயிரத்து இருநூறுன்னுச்சு. அத பெங்களூருக்கு அனுப்புனா, உங்க வைஃபை சரியில்லன்றாங்க. நெட் கம்பெனி ரிப்போர்ட்தான் வேணுமாம். இந்தத் தெருவுக்கு வேற கம்பெனி ஒயரும் வரல.”

அன்றைக்கும் படம் எடுத்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். ஆனால் ஆயிரத்து இருநூறு என்ற எண் அவர் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. மார்ச் முதல் வாரம் மூன்றாவது புகார் வந்தபோது இரண்டு வீட்டை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு, மூன்று பதினொன்றுக்கு மண்ணூரில் வண்டியை நிறுத்தினார்.

கூடத்தின் ஒரு மூலையில் அம்மாவின் கட்டில். எதிர்ச் சுவரில் நீலத் துணி. அதற்கு முன்னால் அமலாவின் நாற்காலியும் திரையும். முனிரத்தினம் ரவுட்டருக்குப் பக்கத்தில் ஆபீசில் கொடுத்திருந்த பழைய லேப்டாப்பை விரித்துக்கொண்டிருந்தபோது கால் வந்தது. “நீங்களே கேளுங்கண்ணா” என்று ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டாள் அமலா. வழக்கமான கால் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

திரையில் ஒரு ஆபீஸ் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி; முகம் தெரியவில்லை, குரல் மட்டும். இந்தப் பக்கம் யூனிபார்மில் ஒருவன். செந்தமிழன் என்று பெயர். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். முந்தின நாள் ஒரு பிரஸ் மிஷினில் கை மாட்டாமல் காக்கும் பாதுகாப்பு சென்சாரை யாரோ கழற்றி வைத்திருக்கிறார்கள். அதற்கான விசாரணை. முதல் ஷிப்ட் இரண்டரைக்கு முடிகிறது. விசாரணை எல்லாம் அதற்குப் பிறகுதான் வைப்பார்கள்.

“நேத்து பதினாலாம் நம்பர் மிஷின்ல நீதான் இருந்தியா?” என்று அதிகாரி கேட்டார்.

அமலாவின் கைகள் அசைந்தன. திரையில் செந்தமிழன் கல்லைப் போல உட்கார்ந்திருந்தான். ஒரு செகண்டு, இரண்டு, மூன்று. முனிரத்தினத்துக்குத் தன்னையறியாமல் எண்ண வந்தது. அமலாவின் கண் திரையை விட்டு நகரவில்லை. அங்கே இருந்த அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது போலிருக்கிறது.

சட்டென்று செந்தமிழனின் தலை ஆடியது, கையும் அசைந்தது. “ஆமா சார்” என்றாள் அமலா. அவள் வாயை மூடுவதற்குள் அதிகாரியின் அடுத்த கேள்வி ஸ்பீக்கரில் வந்து விழுந்தது. “சென்சாரைக் கழட்டுனது நீயா?”

அது எப்போதோ கேட்கப்பட்டுவிட்ட கேள்வி. அமலாவின் ‘ஆமா’ அங்கே போய்ச் சேர்ந்தபோது அந்த இரண்டாம் கேள்விதான் காற்றில் நின்றுகொண்டிருந்தது.

அமலாவுக்குப் புரிந்துவிட்டது. “சார், சார், அது மொதல் கேள்விக்கு பதில் சார். கொஞ்சம் நில்லுங்க” என்று கத்தினாள். அந்தக் கத்தலும் தாமதமாகத்தானே போகும்? அதற்குள் அங்கே நாற்காலி நகரும் சத்தம். “அவனே ஒத்துக்கிட்டான், எழுதிக்கோங்க” என்று யாரோ யாரிடமோ சொன்னது கேட்டது. செந்தமிழன் இரண்டு கையையும் வேகமாக ஆட்டிக்கொண்டிருந்தான். படம் அப்படியே உறைந்து நின்றது. பிறகு கால் துண்டிக்கப்பட்டது.

கட்டிலில் இருந்த அம்மா வலது கையால் ஏதோ கேட்டாள். அமலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முனிரத்தினத்தின் லேப்டாப்பில் எண்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. சென்னையில் இருக்கும் ஒரு கணினிக்கு ஒவ்வொரு செகண்டும் தகவல் அனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார். 1380. 1612. 1745. 1590. ஒரு கேள்வி போய்ப் பதில் வர அந்த வழியை இரண்டு முறை போய்வர வேண்டும். மூன்று செகண்டுக்கு மேல். அவர் கம்பெனி ஆப்பைத் திறந்து டெஸ்ட் ஓட்டினார். முள் துள்ளியது. தொண்ணூற்றெட்டு. அடியில், பச்சையில், நான்கு. மணி மூன்று இருபத்திரண்டு. பழக்கத்தில் படம் எடுத்துக்கொண்டார்.

அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆப் அனுப்பும் தகவல் ஸ்ரீபெரும்புதூர் ஆபீசில் இருக்கும் கம்பெனியின் சொந்த மிஷினைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. போதாததற்கு, பத்து முறை அனுப்பிப் பார்த்து அதில் எது குறைவோ அதை மட்டும் காட்டுகிறது. ஆபீசிலிருந்து சென்னைக்குப் போகும் மெயின் லைனில்தான் நெரிசல். நவம்பரில் மூன்று பெரிய லேடீஸ் ஹாஸ்டல்களுக்குப் புதுசாகக் கனெக்‌ஷன் கொடுத்தார்கள்; கேபிள் இழுத்தது முனிரத்தினம்தான். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் மூன்றேகாலுக்கு ஹாஸ்டல் வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடும். எட்டு மணி நேரம் கேட்டில் பூட்டி வைத்திருந்த போன்கள் கைக்கு வந்திருக்கும். ஆயிரத்துச் சொச்சம் பேர் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் பேசுவார்கள், படம் பார்ப்பார்கள். மெயின் லைன் வாசலில் தகவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். ஆப் அந்த வாசலுக்கே போவதில்லை.

மறுநாள் காலை ஆபீசில் மேனேஜர் சிவசங்கரிடம் சொன்னார். சிவசங்கருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கொரோனா சமயத்தில் ஒரு ஆளைக்கூட வேலையை விட்டு அனுப்பாதவர்.

“மூணு இருவத்தொண்ணுக்கு ஆயிரத்து எழுநூத்து நாப்பத்தஞ்சு போச்சு சார்.”

“எதுல பாத்தீங்க?”

“என் லேப்டாப்ல. மெட்ராஸ் சர்வருக்கு அடிச்சுப் பாத்தேன்.”

“நம்ம ஆப்ல?”

“நாலு.”

“அப்ப நாலுதான் முனி.”

“ஆப்பு நம்ம ஆபீசோட நின்னுடுது சார். வெளிய போய்ப் பாக்கறதில்ல. இன்னொரு நம்பர் சேத்துடலாம். நெரிசல்ல எவ்ளோ ஆவுதுன்னு தனியா காட்டட்டும்.”

சிவசங்கர் சிரிக்கவில்லை. “காட்டலாம். செவப்புல ஆயிரத்து எழுநூறுன்னு காட்டும். ஜனத்துக்கு மில்லி செகண்டு புரியாது முனி, செவப்பு புரியும். ஹாஸ்டல் மூணும் அடுத்த வாரம் பெரிய நெட் கம்பெனிக்குப் போயிடும். அப்புறம் நீங்களும் நானும் எங்க போறது? மெயின் லைன் பெருசு பண்ண எழுதிக் குடுத்திருக்கேன். வரும்போது வரும்.” பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, “அந்த மண்ணூர் கம்ப்ளைண்ட் மூணு தடவை திறந்து கெடக்கு. க்ளோஸ் பண்ணிடுங்க” என்றார்.

முனிரத்தினம் வெளியே வந்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார். மகள் கவியா காஞ்சிபுரத்தில் காலேஜ் இரண்டாம் வருடம். தனக்கு நாற்பத்துநாலு வயது. இனிமேல் எந்த கேட்டில் போய் நிற்பது? போனை எடுத்தார். மூன்று இருபத்திரண்டுக்கு எடுத்த படத்தை இணைத்தார். குறிப்பு எழுதும் கட்டத்தில் ‘மாலையில் தாமதம் உள்ளது’ என்று தட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். ‘பழுது இல்லை’ என்பதை அழுத்தினார். டீ ஆறிப்போயிருந்தது, அப்படியே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.

பதினோரு நாள் கழித்து அவருடைய பட்டியலில் மண்ணூர் மறுபடியும் வந்தது. இந்த முறை புகார் இல்லை. கனெக்‌ஷனைத் துண்டித்து ரவுட்டரைத் திரும்ப எடுத்து வர வேண்டும்.

அமலா கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள். நீலத் துணி சுவரில் இல்லை. “அங்கதான் கீது, எடுத்துக்கோங்க” என்றாள்.

“ஏம்மா, வேற கம்பெனி ஒயர் வந்துடுச்சா?”

“வேலையே போயிடுச்சுண்ணா.”

அவள் சொன்னதில் அழுகை இல்லை; அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. செந்தமிழனை அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அவன் ஒரு தாளில், தான் அப்படிச் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். அப்படியானால் தப்பாகச் சொன்னது மொழிபெயர்த்தவள்தான் என்று தொழிற்சாலை பெங்களூருக்கு எழுதியது. நெட் லேட் ஆனது என்று அமலா சொன்னாள். பெங்களூர்க்காரர்கள் நெட் கம்பெனியிடம் ரிப்போர்ட் கேட்டு வாங்கினார்கள்.

“அன்னிக்கு தேதி, மூணு இருபத்திரண்டு, ஸ்பீடு தொண்ணூத்தெட்டு, பிங் நாலு, பழுது இல்லன்னு இருந்துச்சு. லைன் இவ்ளோ நல்லா இருந்தா லேட் பண்ணது நீங்கதானே மேடம்னு கேட்டாங்க. நான் என்ன சொல்றது?” என்றாள். “அந்தப் பேப்பர்ல அடில உங்க பேருதான்ணா இருந்துச்சு.”

முனிரத்தினம் ரவுட்டரின் ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றார். கட்டிலிலிருந்து அம்மா வலது கையை அவர் பக்கம் காட்டி ஏதோ கேட்டாள். அமலா சுருக்கமாகக் கையசைத்துப் பதில் சொன்னாள். அம்மா அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“இன்னா கேக்கறாங்க?”

“யாருன்னு கேட்டாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“லைன் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தவருன்னு சொன்னேன்.”

அவர் அங்கே கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “எனக்குத் தெரியும்மா” என்றார். “தெரிஞ்சேதான் போட்டேன். எம் பொண்ணு காலேஜ் படிக்குது.” சொல்லிவிட்டு, அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தார்.

அமலா கட்டிலுக்குப் போய் அம்மாவின் போர்வையைச் சரிசெய்தாள்.

ரவுட்டரை அன்றைக்கு எடுக்கவில்லை. வீடு பூட்டியிருந்தது என்று பட்டியலில் போட்டுவிட்டு, மூன்று நாள் தொடர்ந்து மூன்றேகாலுக்கு வந்தார். லேப்டாப்பை விரித்து ஐந்து மணி வரைக்கும் எண்களை எடுத்தார். நான்காம் நாள் கோடு போட்ட தாளில் தன் கையால் எழுதினார். தமிழில்தான் எழுதினார்; பெங்களூருக்கும் தொழிற்சாலைக்கும் அனுப்ப அமலா உட்கார்ந்து ஆங்கிலத்தில் மாற்றினாள். நாள், நேரம், எண் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுவிட்டு அடியில் இப்படி இருந்தது: ‘நான் அனுப்பிய படத்தில் உள்ள நான்கு என்பது எங்கள் ஆபீஸ் வரைக்கும் உள்ள நேரம் மட்டுமே. அதற்கு மேல் அன்றைக்கு ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தைந்து வரை போனதை நான் நேரில் பார்த்தேன். பார்த்த பிறகும் பழுது இல்லை என்று போட்டேன். அது தவறு.’ பெயர், வேலை எண், கையெழுத்து.

“உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதே அண்ணா?” என்று அமலா கேட்டாள்.

“ஆவும்” என்றார் அவர். “அனுப்பு.”

அன்றைக்கு வீட்டுக்குப் போய் கங்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுக் கேட்டாள். “மொதல்ல போடும்போதே யோசிச்சிருக்கலாம்ல? இப்ப எழுதி, அந்தப் பொண்ணுக்கும் இல்லாம நமக்கும் இல்லாம…” என்றாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவள் சாப்பாடு போட்டாள், இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

பதில் வர மூன்று வாரம் ஆனது. பெங்களூர் நிறுவனம் கடிதத்தைச் சரிபார்க்கச் சொல்லி நெட் ஆபீசுக்கு அனுப்பியிருந்தது. சிவசங்கர் அதற்கு எழுதிய பதில் இரண்டு வரி: எங்கள் கணினிப் பதிவில் நான்கு என்றே உள்ளது, ஊழியர் எழுதியது அவருடைய சொந்தக் கருத்து. அமலாவுக்கு, கடிதத்தைக் கோப்பில் சேர்த்துக்கொண்டதாகவும் அந்த இடத்துக்கு ஏற்கெனவே வேறு ஆள் எடுத்துவிட்டதாகவும் ஒரு மெயில் வந்தது. தொழிற்சாலையிலிருந்து பதிலே இல்லை. செந்தமிழனை கான்ட்ராக்டர் ரூமைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவன் செய்யாறு பக்கம் தன் ஊருக்குப் போய்விட்டான். அமலா அவனுக்கு வீடியோ கால் போட்டு நடந்ததை விளக்கப் பார்த்தாள். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ‘நீ என் வாய். நீயே ஆமா சொல்லிட்ட’ என்று கையால் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

முனிரத்தினத்தைச் சிவசங்கர் வேலையை விட்டு அனுப்பவில்லை. கூப்பிட்டுக் கத்தவும் இல்லை. “உங்களுக்கும் வயசாகுது. கம்பம் ஏறறது போதும். குடோன்ல இருங்க” என்றார். குடோன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஒரு அறை. திரும்பி வரும் ரவுட்டர்களைத் துடைத்து, விளக்கு எரிகிறதா என்று பார்த்து, எரிந்தால் ஒரு பெட்டியில், எரியாவிட்டால் வேறு பெட்டியில் போட வேண்டும். வாடிக்கையாளர் வீட்டுப் படி ஏற வேண்டிய வேலை இல்லை. லேப்டாப்பை ஆபீஸ் சாமான் என்று வாங்கிக்கொண்டார்கள்.

மே மாதம் ஆப்பைப் புதுப்பித்தார்கள். அவர் தன் போனில் திறந்து பார்த்தார். அரைவட்டம் இன்னும் பெரிதாகியிருந்தது. முள்ளுக்குப் பின்னால் வெளிச்சம் போட்டிருந்தார்கள். அடியில் பிங் என்ற எண் இல்லை. அந்த இடத்தில் பச்சையில் ஒரு சொல் மட்டும்: ‘சிறப்பு’. வீட்டில், மொட்டை மாடியில், குடோனில் என்று எங்கே ஓட்டினாலும் அதே சொல். எண்ணாக இருந்திருந்தால் தப்பு என்று எதிர்த்துச் சொல்லலாம். சொல்லை என்ன செய்வது?

ஜூன் மாதம் ஒரு காலை, ஐந்து நாற்பத்தொன்றுக்கு, குடோன் சாவியோடு பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போனபோது கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் வரிசையில் அமலாவைப் பார்த்தார். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் டிபன் பை. முதலில் பார்க்காதது போலப் போய்விடலாமா என்று நினைத்தார். அவள் பார்த்துவிட்டாள்.

“எப்டிம்மா கீற?”

“பேக்கிங் லைன்ணா. நின்னுகினே இருக்கணும். பழகிடுச்சு. அங்க நாலு பேருக்குக் காது கேக்காது. டீ டைம்ல அவங்களோட பேசிகிட்டிருப்பேன்.”

“அம்மா?”

“பக்கத்து வூட்டு கோவிந்தம்மாக்கா நடுவுல வந்து பாத்துக்கறாங்க. அவங்களுக்குக் கை பாஷை தெரியாது. எங்கம்மா என்ன கேட்டாலும் தண்ணி குடுத்துட்டுப் போயிடறாங்களாம்.” சிரிக்கப் பார்த்தாள். “போனை கேட்லயே வாங்கி வச்சுக்கறாங்கண்ணா. சாயந்தரம் வூட்டுக்குப் போய்த்தான் அன்னிக்கு என்ன ஆச்சுன்னே தெரியும்.”

பஸ் வந்தது. கூட்டம் நெருக்கியது. அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. “பாத்து ஏறும்மா” என்றார். அவள் தலையாட்டிவிட்டு ஏறினாள். உள்ளே உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்து நின்றவளின் முதுகு மட்டும் தெரிந்தது. பஸ் பாலத்துப் பக்கம் திரும்பும் வரை நின்றிருந்துவிட்டு, முனிரத்தினம் குடோனைத் திறக்கப் போனார். முந்தின நாள் திரும்பி வந்திருந்த முப்பத்தேழு ரவுட்டர்கள் துடைக்கக் கிடந்தன.